பழைய சன் அல்ட்ரா 5-இல் திரை வரவில்லையா? சீரியல் போர்ட்டில் கேட்டுப் பாருங்கள்

சன் நிறுவனத்தின் அல்ட்ரா 5 அல்லது அல்ட்ரா 10 கணினி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பவர் போட்டால் ஃபேன் ஓடுகிறது, டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றுமே இல்லை. கிராஃபிக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 1998-இல் வந்த இந்த மெஷின்களைப் பலர் மானிட்டரே இல்லாமல் சர்வராக ஓட்டினார்கள், அதற்காகக் கன்சோலை (மெஷின் செய்தி காட்டிக் கட்டளை வாங்கும் இடத்தை) சீரியல் போர்ட்டுக்கு மாற்றி வைத்திருப்பார்கள், அந்த செட்டிங் இன்னும் அப்படியே இருந்தால் நீங்கள் எந்த மானிட்டரை மாட்டினாலும் திரை கருப்பாகத்தான் இருக்கும்.

முதலில் கேபிள். யுஎஸ்பி-யிலிருந்து ஆர்எஸ்-232 ஆக மாற்றும் அடாப்டர் வாங்குங்கள். ஆர்டுயினோவுக்கு விற்கும் டிடிஎல் மாட்யூல் வேண்டாம், வோல்டேஜ் வேறு, அடிபட்டுவிடும். சன்னின் ஏ என்ற சீரியல் போர்ட் 25 பின், அடாப்டர் 9 பின். நீங்களே கம்பி இழுப்பதாக இருந்தால் மூன்று கம்பி போதும்: 9 பின் பக்கத்து 2-ஐ 25 பின் பக்கத்து 2-க்கும், 3-ஐ 3-க்கும், 5-ஐ 7-க்கும் கொடுங்கள். நேர்க்கோடு மாதிரித் தெரிந்தாலும் இதுதான் நல் மோடம் இணைப்பு (ஒன்று அனுப்புவதை மற்றது வாங்கும்படி இரண்டு கணினிகளை நேரடியாகச் சேர்ப்பது), ஏனென்றால் இந்த இரண்டு கனெக்டரிலும் 2, 3 இரண்டின் வேலையும் இடம் மாறியிருக்கும். லேப்டாப்பில் மினிகாம், ஸ்க்ரீன், புட்டி என்ற டெர்மினல் ப்ரோகிராம்களில் எது இருந்தாலும் சரி. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் எதுவும் வேண்டாம்.

இப்போது மெஷினை அணைத்துவிட்டு கீபோர்டைப் பிடுங்குங்கள். அணைத்த பிறகுதான், ஓடும்போது பிடுங்கவே கூடாது. கீபோர்டு இல்லாமல் பவர் போட்டால் ஓபன்பூட் (மெஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) தானாகவே ஏ போர்ட்டைக் கன்சோலாக எடுத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் மெஷினின் பெயர், மெமரி அளவு, ஈதர்நெட் முகவரி எல்லாம் லேப்டாப்பில் வர வேண்டும். வந்துவிட்டால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது, பாதிக் கவலை தீர்ந்தது. அது பூட் ஆகத் தொடங்குவதற்குள் பிரேக் என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்புங்கள் (மினிகாமில் கன்ட்ரோல்-ஏ, அப்புறம் எஃப்), ஓபன்பூட்டுக்குக் கட்டளை அடிக்கும் ஓகே ப்ராம்ப்ட் வரும். சன்னின் இயங்குதளமான சொலாரிஸ் முழுவதும் ஏறிய பிறகு பிரேக் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் அப்படியே நின்றுவிடும், அதனால் சீக்கிரமே கொடுங்கள்.

ஓகே-யில் பிரிண்ட்என்வ் என்று அடித்து அவுட்புட்-டிவைஸ், இன்புட்-டிவைஸ் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். அங்கே டிடிஒய்ஏ (ஏ சீரியல் போர்ட்டின் பெயர்) என்று இருந்தால் திருடன் அகப்பட்டான். செட்என்வ் கட்டளையில் முதலாவதை ஸ்க்ரீன் என்றும் இரண்டாவதைக் கீபோர்டு என்றும் மாற்றி, அணைத்து, கீபோர்டை மாட்டிப் போடுங்கள். சீரியல் கேபிளையும் மெஷின் அணைந்திருக்கும்போதே கழற்றுங்கள், ஓடும்போது கழற்றினால் அதையே பிரேக் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடக்கூடும்.

ஆரம்பத்திலேயே அந்த இரண்டு வரிகளும் சரியாக இருந்தால் ஷோ-டிஸ்ப்ளேஸ் அடியுங்கள். கிராஃபிக்ஸ் சாதனம் பட்டியலில் வந்தால் மெஷின் அதைப் பார்க்கிறது, சிக்கல் கேபிளிலோ மானிட்டரிலோ ரெசல்யூஷனிலோதான். போர்டோடு வரும் விஜிஏ தவிர தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் மானிட்டரை மற்றதில் மாட்டிப் பாருங்கள், பல நேரம் இவ்வளவுதான் விஷயம். சிக்னல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மானிட்டர் சொன்னால், அவுட்புட்-டிவைஸில் ஸ்க்ரீன் என்பதோடு முக்காற்புள்ளி, சின்ன ஆர், 1024, எக்ஸ், 768, எக்ஸ், 60 என்று இடைவெளி விடாமல் சேர்த்துக் கொடுத்து ரீசெட்-ஆல் அடியுங்கள்.

எதுவுமே பட்டியலில் இல்லையென்றால் கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

சரிசெய்த செட்டிங் மறுநாள் காணாமல் போகிறதா? ஐடிப்ராம் (மெஷினின் அடையாளத் தகவல்) செல்லாது என்ற செய்தியும், முழுக்க எஃப்எஃப் ஆன ஈதர்நெட் முகவரியும் வருகிறதா? அப்படியானால் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் என்விராம் சிப்பின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரி அந்த சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அல்ட்ரா 5-இல் அது எம்48டி59, சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும், புதியது வாங்கி மாற்றினால் செட்டிங் நிலைக்கும். ஈதர்நெட் முகவரியை மட்டும் பழைய சிப்பின் மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து நீங்களே திரும்ப எழுத வேண்டியிருக்கும், அதனால் பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.