தவிலோடு கிட்டார் பதிவு செய்கிறீர்களா?

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். கோரைப்பாய் விரித்தால் மட்டும் போதாது, அது மெல்லியது. பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

கிட்டாருக்கு ஒரு மைக் போதும்: 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எதிரே, சுமார் 30 செ.மீ. தள்ளி. நடு ஓட்டைக்கு நேரே வைத்தால் குமுறும்.

தவிலுக்குத்தான் மெனக்கெட வேண்டும். கூடு (கெட்டியான விரலுறை) போட்ட விரல்கள் விழும் வலந்தலைக்கு ஒன்று, கழி விழும் தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக். ஒரு பக்கம் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், எதிர்ப்பக்கத் தோல் வெளியே தள்ளும். அதனால் இரண்டு டிராக்கையும் அப்படியே கலந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடி மெலிந்துவிடலாம். ஒன்றின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். எது கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரி. டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்கு மேலும் கீழும் மைக் வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

பதிவின்போது மீட்டரில் (0தான் எல்லை) உச்சம் -10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் சூடு பிடித்தால் எகிறிவிடும்! மிக்ஸிங்கில் கிட்டாரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அதன் தடித்த கம்பியே சுமார் 82-இல்தான் தொடங்குகிறது, கீழே மிச்சமிருப்பது பெரும்பாலும் பக்கத்து வயல் மோட்டார் இரைச்சல்தான்.