தொற்று பரவுற நேரத்துல மும்பைலேருந்து க்ரூஸ் போறீங்களா? டிக்கெட் போடறதுலேருந்து இறங்கற வரைக்கும்

மும்பைல மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் நம்ம தமிழ் ஆளுங்க நடுவுல இப்ப ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு, அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிஞ்சதும் பசங்கல்லாம் சேந்து க்ரூஸ் டிக்கெட் போட்டுக் குடுக்கறது. நல்ல விஷயம்தான். ஆனா எங்கயோ ஒரு காய்ச்சல் பரவுதுன்னு நியூஸ் வந்ததும் எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், கப்பல் சேஃபா? அதுக்கு யாராலயும் உறுதியா பதில் சொல்ல முடியாது. நான் கேக்கச் சொல்றது இத: கப்பல்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தா நாம எந்த ஊர்ல, எத்தன நாள், யார் காசுல மாட்டிக்குவோம்? கீழ இருக்கற ஸ்டெப் எல்லாமே இந்தக் கேள்விக்குத்தான்.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா 2020 பிப்ரவரில டைமண்ட் பிரின்சஸ் கப்பல்ல நடந்தது ஞாபகம் இருக்கும். ஜனவரி 25 ஹாங்காங்ல இறங்கிப் போன ஒரு பயணிக்கு பிப்ரவரி 1 பாசிட்டிவ் வந்துச்சு, அவ்ளோதான், ஜப்பான்ல யோகோஹாமால கப்பல நிறுத்திட்டாங்க. உள்ள 3,711 பேர். ரூம விட்டு வெளில வராதன்னு 14 நாள். கடைசில 712 பேருக்குத் தொத்திடுச்சு. நம்ம நாட்டுக்காரங்க 138 பேர் இருந்தாங்க, அதுல 132 பேர் அங்க வேல பாக்கறவங்க. ஏர் இந்தியா ஸ்பெஷல் ஃப்ளைட்ல 119 பேர் டில்லி வந்து சேந்தது பிப்ரவரி 27, அதுக்கப்புறமும் வீட்டுக்கு விடல, மானேசர்ல மிலிட்டரி கேம்ப்ல இன்னொரு 14 நாள்! அதே மாசம் வெஸ்டர்டாம்னு இன்னொரு கப்பல், உள்ள யாருக்கும் பாசிட்டிவ்னு வரல, ஆனாலும் ஒவ்வொரு துறைமுகமா வராதன்னுட்டாங்க, கடைசில கம்போடியாதான் இடம் குடுத்துச்சு. நம்ம மும்பைலயே 2022 ஜனவரில கோவா போன கப்பல்ல 66 பேருக்கு பாசிட்டிவ்னு வந்து கப்பல் இங்கயே திரும்பி வந்துச்சு.

கோவிட் ரூல்ஸ் இப்ப இல்ல, அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி கூட க்ரூஸ் கப்பலுக்குன்னு வச்சிருந்த கோவிட் திட்டத்த 2022 ஜூலைலயே மூடிட்டாங்க. ஆனா ரூட்ட மாத்தறது, ஏத்த மாட்டேன்னு சொல்றது, தனி ரூம்ல வைக்கறதுன்னு கம்பெனிகளோட ஒப்பந்தத்துல இருக்கற அதிகாரம் அப்படியேதான் இருக்கு.

ஸ்டெப் 1: பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தப் படிங்க

டிக்கெட்டோட ஒரு நீளமான பயண ஒப்பந்தம் வரும், பொடி எழுத்து, யாரும் படிக்கறதில்ல. முழுசா படிக்க வேணாம், நாலு விஷயம் மட்டும் தேடுங்க. ரூட்ட மாத்தினா, ஒரு ஊர விட்டுட்டா காசு திரும்பத் தருவாங்களா (அனேகமா மாட்டாங்க). உடம்பு சரியில்லன்னு ஏத்த மாட்டேன்னு சொன்னா என்ன கிடைக்கும். தனி ரூம்ல வைக்கறதுக்கும் வழில இறக்கி விடறதுக்கும் ஆகற செலவு யாரோடது. கேஸ் போடணும்னா எந்த நாட்டு கோர்ட். பெரிய கப்பல் நிறைய பஹாமாஸ், பனாமான்னு ரெஜிஸ்டர் ஆகியிருக்கும், அதனால அந்தேரில ஆபீஸ் இருக்கு, போய் சண்ட போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க.

அடுத்தது ரீஃபண்ட். கம்பெனி கேன்சல் பண்ணா ஒரு ரூல், நீங்க கேன்சல் பண்ணா இன்னொரு ரூல், நடுவுல டிராவல் ஏஜென்ட் இருந்தா அவருக்குன்னு தனியா ஒரு கேன்சலேஷன் சார்ஜ். 2020ல நிறைய பேருக்குக் காசுக்குப் பதிலா அடுத்த பயணத்துக்கு க்ரெடிட்னு குடுத்தாங்க, அதுக்கு எக்ஸ்பைரி டேட் இருக்கும், எழுபது வயசு அப்பாவுக்கு அடுத்த வருஷ க்ரெடிட்ட வச்சு என்ன பண்றது? பணமாவே வேணும்னா கிடைக்குமான்னு ஏஜென்ட்கிட்ட மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்குங்க. "நம்ம ஆளுதான் சார், பாத்துக்கலாம்"னு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ல சொல்றது நாளைக்கு நிக்காது. சிங்கப்பூர் போய் அங்க கப்பல் ஏறறதா இருந்தா ஃப்ளைட்ட தனியா போட்டீங்கன்னா கப்பல் கேன்சல் ஆனாலும் ஃப்ளைட் காசு உங்க தலைலதான், அதையும் கணக்குல வைங்க.

ஸ்டெப் 2: இன்ஷூரன்ஸ்

இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க, புக்கிங் பேஜ்ல கடைசில ஒரு டிக் பாக்ஸ் வருமே அத டிக் பண்ணிட்டு முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க. பாலிசி வாசகத்துல பெருந்தொற்று விலக்கு, அதாவது பெருந்தொற்றால ஆகற செலவத் தர மாட்டோம்னு ஒரு வரி, இருக்கான்னு மொதல்ல பாருங்க. இருந்தா நம்ம விஷயத்துக்கு அந்த பாலிசி உதவாது. அடுத்தது வாங்கற தேதி, ஊரே பேச ஆரம்பிச்சப்புறம் வாங்கினா ஏற்கனவே தெரிஞ்ச நிகழ்வுன்னு க்ளெய்ம தள்ளிடலாம், அதனால டிக்கெட் போட்ட அன்னிக்கே வாங்கிடுங்க. மூணாவது, ஆஸ்பத்திரி செலவு மட்டும் போதாது, ஹோட்டல்ல தனிமைல இருக்கற செலவும், கப்பல்லேருந்து கரைக்கு ஹெலிகாப்டர்லயோ படகுலயோ கொண்டு போற செலவும் வருதான்னு தெளிவா எழுத்துல இருக்கணும். சுகர், பிபி இருந்தா மறைக்காம எழுதுங்க, பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

கோவா, கொச்சின்னு உள்நாட்டுப் பயணம்னா ஃபாரின் டிராவல் பாலிசி ஒத்து வராது. வீட்ல இருக்கற மெடிக்ளெய்ம் பொதுவா ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான், கப்பல் க்ளினிக்ல டாக்டர பாத்துட்டு வந்த பில்லுக்கு வராமப் போகலாம், ஃபோன் பண்ணிக் கேளுங்க.

ஸ்டெப் 3: பேப்பர், முக்கியமா பேரு

நம்ம ஆளுங்களுக்கு பேர் ஒரு தனி தலைவலி. ஆதார்ல எஸ் லட்சுமி. பாஸ்போர்ட்ல லட்சுமி சுப்ரமணியன். பசங்களுக்கு மும்பை ஸ்கூல்ல சேக்கறப்ப மராட்டி வழக்கப்படி பேர், அப்பா பேர், சர்நேம்னு மூணா ஆக்கியிருப்பாங்க. கப்பல் ஏறற கவுன்ட்டர்ல இருக்கற பையனுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, டிக்கெட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் தடுப்பூசி சர்டிஃபிகேட்டும் ஒரே பேர்ல இருக்கான்னுதான் பாப்பான். ஃபாரின் பயணம்னா எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் வரணும், லேப்ல சாம்பிள் குடுக்கறப்பவே பாஸ்போர்ட்ட நீட்டி டைப் பண்ணச் சொல்லுங்க. கோவிட் சமயத்துல கோவின்ல (தடுப்பூசிக்குப் பதிவு பண்ற அரசாங்க சைட்) பாஸ்போர்ட் நம்பர் சேக்கற வசதி வந்துச்சு, 2021 செப்டம்பர் கடைசிலதான் ஃபாரின் போறவங்களுக்கு சர்டிஃபிகேட்ல முழு பிறந்த தேதியும் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி அலைஞ்சவங்களக் கேட்டா தெரியும்.

விசால மல்டிப்பிள் என்ட்ரி கிடைச்சா அதையே வாங்குங்க, கப்பல் வெளில போய் அதே நாட்டுக்குத் திரும்பி வரும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ரூட்னா மஞ்சக் காய்ச்சல் ஊசி, பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அந்த கார்டு இல்லாம அங்க போயிட்டு இந்தியா திரும்பினா 6 நாள் வரைக்கும் தனிமைல வைப்பாங்க. இது கோவிடுக்கு முன்னாடிலேருந்தே இருக்கற ரூல்.

ஸ்டெப் 4: ஜன்னல் இருக்கற ரூம்

உள்பக்க ரூம் சீப், சாதாரண நாள்ல தூங்க மட்டும்தானே போறோம்னு அதையே எடுக்கலாம். தொற்று நேரத்துல எடுக்காதீங்க. யோகோஹாமால ஜன்னல் இல்லாத ரூம்ல இருந்தவங்கள கும்பல் கும்பலா பிரிச்சு கொஞ்ச நேரம் மட்டும் டெக்ல காத்து வாங்க விட்டாங்க, மீதி நேரம் டியூப்லைட்தான். பால்கனி முடியலன்னா ஜன்னலாவது.

ஸ்டெப் 5: பெட்டி

மருந்துதான் மெயின். பயண நாளுக்கு மேல இன்னும் ரெண்டு வாரத்துக்கு சேத்து வாங்குங்க, எல்லாத்தையும் கைப்பைல வைங்க, பெரிய பெட்டிய ஏறும்போது வாங்கிட்டு சாயங்காலம்தான் ரூமுக்கு அனுப்புவாங்க. டாக்டர்கிட்ட சீட்டுல பிராண்ட் பேரோட மருந்துப் பேரையும் எழுதச் சொல்லுங்க, டோலோன்னா ஜப்பான்காரருக்கு என்ன புரியும், அசிட்டமினோஃபென்னாத்தான் (நம்ம பாராசிட்டமால்தான்) புரியும். இன்சுலின் இருந்தா முன்னாடியே மெயில் போடுங்க, ரூம்ல இருக்கற மினி பார் நிறைய எடத்துல ஃப்ரிட்ஜ் அளவுக்கு சில்லுன்னு ஆகாது. தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், மாஸ்க். எலக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேன்லயே பிடுங்கிடுவாங்க, அம்மா எவ்ளோ சொன்னாலும் எடுத்துட்டுப் போகாதீங்க. சைவம்னா புக் பண்றப்பவே எழுதிடுங்க, கதவுக்கு வெளில தட்டு வைக்கற நிலைமை வந்தா அப்ப போய் வெங்காயம் பூண்டு வேணாம்னு சொன்னா எடுபடாது.

ஸ்டெப் 6: டெஸ்ட்டும் ஏறற நாளும்

72 மணி நேரத்துக்குள்ளன்னு கேட்டாங்கன்னா சாம்பிள் குடுத்த நேரத்துலேருந்து எண்ணுங்க, ரிப்போர்ட் வந்த நேரத்துலேருந்து எண்ணாதீங்க. சனிக்கிழமை மத்தியானம் கப்பல்னா வியாழக்கிழமை சாயங்காலம் குடுத்தா சரியா இருக்கும், ரிப்போர்ட் லேட்டானாலும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் கைல இருக்கும்.

டெர்மினல் பல்லார்ட் பியர்ல, விடி (இப்ப சிஎஸ்எம்டி) ஸ்டேஷன்லேருந்து காலி பீலில, அதான் கறுப்பு மஞ்சள் டாக்ஸில, கொஞ்ச தூரம்தான். குடுத்த டைம் ஸ்லாட்டுக்குப் போங்க, ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் க்யூல நெருக்கிக்கிட்டு நிக்கறதுதான் அந்த நாள்லயே பெரிய ரிஸ்க். ஹெல்த் ஃபார்ம்ல இருமல், ஜுரம் இருந்தா இருக்குன்னு எழுதுங்க. டோலோ போட்டு ஜுரத்த எறக்கிட்டு ஜுரம் பாக்கற கேமரா முன்னாடி நடந்து போற ஆளுங்க இருக்காங்க, நான் இதுல கறாரா சொல்றேன், உள்ள நிறைய பேர் உங்க அப்பா வயசுக்காரங்க, அது தப்பு, அதுக்கு மேல பொய்யா எழுதினது தெரிஞ்சா இன்ஷூரன்ஸும் போச்சு.

ஸ்டெப் 7: உள்ள இருக்கறப்ப

சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சானிடைசர் கோவிடுக்கு ஓகே, ஆனா கப்பல்ல அடிக்கடி வர்ற வாந்தி பேதி நோரோவைரஸ், அதுக்கு அது சரியா வேலை செய்யாது. பஃபேல கூட்டம் இல்லாத நேரம் பாத்துப் போங்க, டெக்ல உக்காந்து சாப்பிடுங்க. ஃபோன ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க, நடுக்கடல்ல கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்க பிடிச்சுக்கிட்டா ரோமிங் பில் பயங்கரமா வரும்.

ஸ்டெப் 8: பாசிட்டிவ் வந்துட்டா

உடம்பு ஒரு மாதிரி இருந்தா க்ளினிக்குக்கு நேரா நடந்து போகாதீங்க, ரூம்லேருந்து ஃபோன் பண்ணுங்க. தனி ரூமுக்கு மாத்துவாங்க, கூட இருந்தவங்களையும் பிரிக்கலாம், அதனால அப்பா மருந்து அப்பாகிட்டயும் அம்மா மருந்து அம்மாகிட்டயும் முதல் நாள்லேருந்தே தனித்தனியா இருக்கட்டும்.

கேப்டன் துறைமுகத்துக்கு ஒரு சுகாதார அறிவிப்பு அனுப்பணும், யாருக்காவது தொத்துநோய் சந்தேகம் இருக்கா, யாராவது இறந்துட்டாங்களான்னு அதுல கேள்வி இருக்கும். அத பாத்து துறைமுக சுகாதார அதிகாரி அனுமதி குடுத்தாத்தான் இறங்க முடியும். 2005ன் சர்வதேச சுகாதார விதிமுறைல இருக்கற நடைமுறை இது, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட கத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. கப்பல்ல மஞ்சக் கொடி ஏத்தினா பயந்துடாதீங்க, எங்க கப்பல்ல எல்லாரும் ஆரோக்கியம், உள்ள வர அனுமதி குடுங்கன்னு கேக்கறதுதான் அதுக்கு அர்த்தம்.

வெளிநாட்டுல மாட்டினா அந்த ஊர் இந்தியத் தூதரகத்துக்கு மெயில் போடுங்க, வெளியுறவு அமைச்சகத்தோட மதத் (MADAD) போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க. பேர், பாஸ்போர்ட் நம்பர், ரூம் நம்பர், என்ன மருந்து வேணும்னு நாலே வரி போதும், கதை வேணாம். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு அன்னிக்கே ஃபோன், லேட்டா சொன்னா அதையே காரணமா சொல்வாங்க.

ஸ்டெப் 9: இறங்கறதுக்கு முன்னாடி

க்ளினிக் செலவு உங்க ரூம் அக்கவுன்ட்லதான் ஏறும், டாலர்ல இருக்கும், மொதல்ல நீங்க கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணணும். அதனால கடைசி நாள் ராத்திரியே ரிசப்ஷனுக்குப் போய் (தனிமைல இருந்தா ஃபோன்லயே) பில்ல வரி வரியா பாருங்க. டாக்டர் கையெழுத்தும் சீலும் போட்ட ரிப்போர்ட், எந்த தேதிலேருந்து எந்த தேதி வரைக்கும் தனிமைல வச்சாங்கன்னு கப்பல் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், பணம் கட்டின ரசீது, மூணையும் கைல வாங்காம இறங்காதீங்க. கப்பல் அடுத்த ட்ரிப்புக்குக் கிளம்பிடுச்சுன்னா அந்த ஒரு கடிதத்துக்கு மாசக்கணக்குல மெயில் போட்டுக்கிட்டே இருக்கணும்.