குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கவனம் சிதறும்போது

கருவுக்கு 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். மூளையின் மடிப்புகள் ஆழமாவதும், அதன் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் உறுதிப்படுவதும் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 34 வாரக் குழந்தையின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். எஞ்சிய வளர்ச்சி வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் நடுவே நடந்தாக வேண்டியிருப்பதால், 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் கவனக் குறைபாடு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. ஆயினும் அவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. வந்தாலும் அது வளர்ப்பின் பிழை அன்று.

இக்குழந்தைகளின் கவனச் சிதறல் பல வேளைகளில் சத்தமில்லாதது. ஓடியாடி வீட்டை இரண்டாக்கும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். 'செருப்பை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்து' என்றதும் உள்ளே போய், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையைச் 'சாது' என்று சொல்லிவிடுவார்கள். நான் அஞ்சுவது அந்தப் பாராட்டைத்தான்.

எதையும் முடிவு செய்வதற்கு முன் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 28 வாரத்தில் பிறந்து இன்று 18 மாதமாகும் குழந்தை, நிறைமாதமான 40 வாரத்துக்கு 12 வாரம் முன்னதாகவே பிறந்தது. எனவே அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய 15 மாதக் குழந்தையின் கவனத்தையே. இரண்டு வயது வரை இவ்வாறு கணக்கிடுவது வழக்கம். அடுத்து, செவித்திறனையும் பார்வையையும் சோதித்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைக் கோளாறும் கேட்புக் குறையும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கூப்பிட்டுத் திரும்பாத குழந்தைக்கு உண்மையில் காது சரியாகக் கேட்காமலே இருக்கலாம். குறட்டையுடன் கூடிய அரைகுறைத் தூக்கமும் இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைக் குலைக்கும்.

பிறகு இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எந்த விளையாட்டில் எத்தனை நிமிடம் நிலைத்தது, எந்த நேரத்தில் சிதறியது, அப்போது சுற்றிலும் என்ன ஓசை இருந்தது என்பவை போதும். 'எப்போதும் கவனமே இல்லை' என்று மருத்துவரிடம் பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு பயன்படும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது, குழந்தையின் கவனத்தை நம் பக்கம் இழுக்காமல், அது ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போய்ச் சேர்வதாகும். அது காரின் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தால், பக்கத்தில் தரையில் அமர்ந்து 'சக்கரம் சுற்றுகிறது' என்று சொல்லுங்கள். சிறிது பொறுத்து, ஒரு சிறு பலகையைச் சாய்த்து அதன்மேல் காரை உருட்டிக் காட்டுங்கள். ஒரு நிமிட விளையாட்டு மூன்று நிமிடமாவதைப் பார்ப்பீர்கள். படப்புத்தகத்தை நீட்டி 'இதைப் பார், இதைப் பார்' என்று முகத்தைத் திருப்பினால் அந்த ஒரு நிமிடமும் போய்விடும். பொம்மைகளில் இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றை எடுத்து வையுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். எதையாவது செய்யச் சொல்லும்போது அருகில் சென்று, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். சொன்னது புரிந்து செயலாவதற்கு இவர்களில் பலருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். உடனே மறுபடி சொன்னால், பாதி வழி வந்தவர்களை மீண்டும் தொடக்கத்துக்கே திருப்புகிறோம்.

பேச்சுக்கு நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்து நின்றால், அது பகற்கனவாக இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். மற்றபடி, ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டுக் கோளாறு என்ற முடிவை நான்கு வயதுக்கு முன் எடுப்பது அரிது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்தைவிட, குழந்தையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே முதலில் பரிந்துரைக்கப்படுவதால், அதைக் கேட்டுப் பெறுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை ஆசிரியரிடம் சொல்லி, அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தையும் கொடுத்து, சன்னலையும் கதவையும் விட்டு விலகிய முன் இருக்கையைக் கேளுங்கள்.