கேஸ் கீசர் பற்றவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

மார்கழிக் குளிரில் நுவரெலியாப் பக்கம் கேஸ் கீசர் பற்றாமல் போனால், உடனே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுச் செலவழிக்க வேண்டாம். தண்ணீரைத் திறந்ததும் ‘டிக் டிக்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சத்தம் மெதுவாக வந்தால் பெரும்பாலும் பெட்டரிதான். அநேகமான கீசர்களில் அடியில் 1.5 வோல்ட் பெரிய டோர்ச் பெட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புது பெட்டரி போட்டும் சத்தமே இல்லையா? தண்ணீர் வேகம் போதாமல் இருக்கலாம். ஊற்றுத் தண்ணீர் வரும் நம் லைன்களில் மணலும் இலைத்தூளும் சேர்ந்து வருவதால், கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்துச் சிறு வலை அடைத்துக்கொள்ளும். சிலிண்டரையும் தண்ணீரையும் மூடிவிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, வலையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வாஷரை மறக்காமல் திரும்பப் போடுங்கள். அப்புறம் சிலிண்டரைத் திறந்து, கேஸ் குழாய் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

பர்னரை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ கீசரை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அப்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. குளிருக்குப் பயந்து குளியலறைக் காற்றுத் துளையைச் சாக்கு வைத்து அடைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.