மத்தியானம் மட்டும் வந்த எச்சரிக்கை

கம்ப்யூட்டர் சிப் ஆலையில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்குவம் பம்ப் திடீரென நின்றால், உள்ளே இருக்கும் வேஃபர்கள் (சிப் செய்யும் சிலிக்கான் தகடுகள்) வீணாகலாம். அதனால் பம்பின் அதிர்வை சென்சாரில் அளந்து, பழுதை ஏஐ மூலம் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள். அதே முறையை ராணிப்பேட்டையில் எங்கள் பட்டறை பம்பில் வைத்தேன்.

சித்திரை வெயிலில் தினமும் 2 மணிக்குத் தப்பான எச்சரிக்கை. ஏஐ மாடலை 3 முறை மறுபடி பயிற்றுவித்தும் பலனில்லை. ஃபிட்டர் அண்ணன்தான் சென்சாரைத் தொட்டுப் பார்த்து, “ஆடுது தம்பி” என்றார். ஒட்டியிருந்த டேப் சூட்டில் இளகியிருந்தது! சென்சாரே ஆடியதால்தான் தப்பான எச்சரிக்கை. பேரிங் தேய்மானத்தின் ஆரம்ப அறிகுறி பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1,000 முறை) மேலான அதிர்வில்தான் தெரியும். இளகிய டேப் அதையும் விழுங்கிவிடும்; உண்மையான பழுதும் தெரியாமல் போகலாம்.

பேரிங் ஹவுசிங்கின் (பேரிங் உட்காரும் கூட்டின்) மேல்பரப்பைச் சமமாக்கி, சென்சாரை ஸ்டட் (திருகு முளை) போட்டு இறுக்கினேன். அப்புறம் பழைய தரவை ஒதுக்கிவிட்டு, காலை, மத்தியானம், இரவு என மூன்று வேளையும் புதிதாக எடுத்த தரவில் பயிற்றுவித்தேன். ஒரு மாதமாகத் தப்பான எச்சரிக்கை எதுவும் வரவில்லை.