இருவராக வெளிநாடு செல்ல ஹவுஸ்சிட்டிங்: பிறர் வீட்டையும் செல்லப்பிராணியையும் பொறுப்பேற்பது எப்படி?

வெளிநாட்டுப் பயணத்தில் விமானக் கட்டணத்துக்கு நிகராகப் பணத்தைக் கரைப்பது தங்குமிடச் செலவு. அதைப் பெருமளவு குறைத்து, ஓர் ஊரில் சில வாரங்களாவது அங்கே குடியிருப்பவர்களைப் போல் வாழ வழிசெய்வது ஹவுஸ்சிட்டிங். வீட்டு உரிமையாளர் விடுமுறைக்கோ உறவினரைப் பார்க்கவோ வெளியூர் செல்லும் காலத்தில், அவருடைய வீட்டில் தங்கி நாய், பூனை, கோழி, தோட்டம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்வதே இதன் ஏற்பாடு. வாடகை கிடையாது, பெரும்பாலும் ஊதியமும் கிடையாது. இதை இலவச அறை என்று எண்ணிப் புறப்படுபவர்கள் சில நாட்களிலேயே சலித்துப்போவார்கள். ஒரு பிராணியின் உணவு நேரத்தையும் உலா நேரத்தையும் முதலில் குறித்துக்கொண்டு, மிஞ்சிய பொழுதில் ஊரைப் பார்க்க மனமுள்ள தம்பதிக்கே இது பொருந்தும்.

ஆகவே முதல் உரையாடல் உங்கள் இருவருக்குள் நடக்க வேண்டும். மழையிலும் குளிரிலும் நாயை இருவேளை வெளியே அழைத்துச் செல்ல யார் எழுவது, பூனையின் மலத் தொட்டியைச் சுத்தம் செய்வதில் இருவருக்கும் தயக்கமில்லையா, பிராணிகளின் முடியால் எவருக்கேனும் ஒவ்வாமை உண்டா என்பவற்றை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். தனித்து விட முடியாத நாய் உள்ள வீட்டில், ஒருவர் வெளியே செல்ல மற்றவர் வீட்டில் இருக்க முடியும் என்பது தம்பதிகளுக்குள்ள பெரிய அனுகூலம். ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலும் பொறுப்பு தடைபடாது என்பதால் உரிமையாளர்கள் பலரும் இருவராக வருபவர்களை விரும்புகிறார்கள். ஆனால் எப்போதும் சேர்ந்தே ஊர் சுற்ற வேண்டும், இரவு வேறு ஊரில் தங்கித் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள், பூனை மட்டுமுள்ள வீடாக இருந்தாலும் ஏமாற்றமடைவார்கள்.

வீடுகளைத் தேட இதற்கென்றே இணையதளங்கள் உள்ளன. பிரிட்டனில் 2010-இல் தொடங்கப்பட்ட டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் பல நாடுகளில் பரவியது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஹவுஸ்கேரர்ஸ் அதைவிடப் பழையது. பிரான்ஸ் நாட்டு வீடுகளை நாடுபவர்கள் நோமடோரைப் பார்ப்பது நல்லது. ஆஸி ஹவுஸ் சிட்டர்ஸ், கிவி ஹவுஸ் சிட்டர்ஸ் போல ஒரே நாட்டுக்குரிய தளங்களும் உண்டு. இவை பொதுவாக ஆண்டுச் சந்தாவில் இயங்குகின்றன. பணம் கட்டுமுன், நீங்கள் போக விரும்பும் நாட்டில், உங்களுக்குத் தோதான மாதங்களில் எத்தனை வீடுகள் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். எந்தத் தளத்தில் சேர்வது என்பதை அதுவே முடிவுசெய்துவிடும்.

அறிமுகப் பக்கத்தை இருவர் பெயரிலும் எழுதுங்கள். உங்களைப் பற்றிய அலங்காரங்களைக் காட்டிலும், மாத்திரை கொடுத்த அனுபவம், வயதான நாயைப் பார்த்துக்கொண்டது, தோட்ட வேலை, சிறு பழுதுகளைச் சரிசெய்யும் திறன் ஆகியவையே உரிமையாளரின் கண்ணில் படும். அயல்நாட்டு வீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் நீங்கள் வசிக்கும் பகுதியிலேயே நண்பர்கள், அண்டைவீட்டார் ஆகியோரின் பிராணிகளைச் சில வார இறுதிகளில் பொறுப்பேற்று, அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழும் கையில் இருந்தால் புதியவர்கள் என்ற தயக்கம் பாதி குறையும். இந்தத் தயாரிப்பைத் தவிர்த்துவிட்டு லண்டன், பாரிஸ், சிட்னி போன்ற நகரங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பதிலே வராமல் போவதில் வியப்பில்லை. நகர மையங்களுக்குப் போட்டி மிகுதி. கிராமப்புற வீடுகளுக்குக் குறைவு, ஆனால் அங்கே கார் இல்லாமல் நகர முடியாது. பள்ளி விடுமுறைகளிலும் டிசம்பர் இறுதியிலும் வாய்ப்புகள் பெருகும்.

விண்ணப்பத்தில் அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லி, அதன் வயதுக்கும் பழக்கத்துக்கும் உங்களால் எப்படி ஈடுகொடுக்க முடியும் என்று எழுதுங்கள். உரிமையாளர் விருப்பம் தெரிவித்தால் வீடியோ அழைப்புக்கு இருவரும் சேர்ந்து அமருங்கள். இந்த உரையாடலில்தான் பெரும்பாலான சிக்கல்களை முன்கூட்டியே தவிர்க்க முடியும் என்பதால், கூச்சப்படாமல் கேளுங்கள். நாயை எத்தனை மணி நேரம் தனியே விடலாம்? இரவில் எங்கே உறங்கும்? பிற நாய்களைக் கண்டால் பாயுமா? மருந்து உண்டா? நீரிழிவு உள்ள பூனைக்கு வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும். அப்படியானால் உங்கள் நாள் முழுவதும் அந்த இரு நேரங்களுக்குக் கட்டுப்பட்டது. கோழிகளை நரிக்குப் பயந்து அந்தி சாய்வதற்குள் கூண்டில் அடைக்க வேண்டும் என்றால், மாலைப் பொழுது வீட்டோடுதான். வீட்டுக்குள் கண்காணிப்பு கேமரா இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையாளரை நேரில் காண முடியாத நிலையில், வீட்டைச் சுற்றிக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஏதோ ஒன்று உறுத்தினால், பணிவாக மறுத்துவிடுவதே இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்தது விசா. ஊதியம் பெறாததால் இது வேலையே இல்லை என்று பலரும் கருதுகிறார்கள். குடிவரவு அதிகாரிகள் அப்படிக் கருத வேண்டிய கட்டாயமில்லை. தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்யும் பணியை ஊதியமற்ற வேலையாக அவர்கள் கொள்ளக்கூடும். 2022-இல் கனடா செல்லும் வழியில் அமெரிக்காவில் இறங்கிய ஆஸ்திரேலியப் பயணி ஒருவர், பூனையைப் பார்த்துக்கொண்டு இலவசமாகத் தங்கும் வழக்கம் தெரியவந்ததால் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். பிரிட்டனில் சுற்றுலாப் பயணியாக வழக்கமாக 6 மாதம் வரை தங்கலாம் என்றாலும், ஊதியத்துடனோ ஊதியமின்றியோ வேலை செய்ய அந்த விசா இடம் தருவதில்லை. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் குறுகியகால விசாவில் இருக்க முடியாது என்பதால், நீண்ட பொறுப்புகளை அடுத்தடுத்து ஏற்கும்போது நாட்களைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரான்சில் தனியார் வீட்டில் தங்கப்போவதாக விசா விண்ணப்பத்தில் குறிப்பிட்டால், உரிமையாளர் தம் ஊர் நகராட்சியில் பெற்று அனுப்பும் சான்று தேவைப்படும். அதற்கு அவர் இசைகிறாரா என்று முன்பே கேளுங்கள்.

இதற்குத் தீர்வு எல்லையில் பொய் சொல்வது என்று அறிவுரை கூறுபவர்கள் உண்டு. அதை ஏற்காதீர்கள், அதிகாரியிடம் பொய் சொன்னதாகப் பதிவானால் பிற்காலப் பயணங்களும் பாதிக்கப்படும். போகும் நாட்டின் தூதரகத்துக்கு உங்கள் ஏற்பாட்டை உள்ளபடி விவரித்து எழுதி, எழுத்திலேயே பதில் பெறுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா போன்ற நாடுகள் வயது வரம்புடன் சில நாட்டவர்க்கு வழங்கும் வேலை-விடுமுறை விசாவுக்கு நீங்கள் இருவரும் தகுதி பெற்றால், வேலையா இல்லையா என்ற கேள்வியே பெருமளவு விலகிவிடும்.

வீடு உறுதியானதும் ஓர் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரும் நாள், போகும் நாள், இருவர் பெயரும், நீண்ட காலத் தங்கலில் மின்சாரக் கட்டணத்தை யார் செலுத்துவது, காரைப் பயன்படுத்தலாமா, அதன் காப்பீடு உங்களையும் உள்ளடக்குமா, பிராணியின் மருத்துவச் செலவுக்கு எந்தத் தொகை வரை நீங்களே ஒப்புதல் தரலாம் என்பவை அதில் இருக்கட்டும். நீங்கள் தங்குவதைத் தம் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமையாளர் தெரிவிப்பது அவருக்கும் நல்லது. உங்கள் பயணக் காப்பீட்டில் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தையும் ஈடுசெய்யும் பிரிவு உள்ளதா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் உரிமையாளரின் பயணம் ரத்தாகவும் கூடும். ஒரு வாரமாவது விடுதியில் தங்கத் தேவையான பணத்தைத் தனியே ஒதுக்காமல் விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

உரிமையாளர் புறப்படுவதற்கு முந்தைய நாளே சென்று சேர முயலுங்கள். அவர் முன்னிலையில் நாயைப் பிடித்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால், அதற்கும் உங்கள்மீது நம்பிக்கை பிறக்கும். குடிநீர்க் குழாயின் பிரதான அடைப்பான், ஃபியூஸ் பெட்டி, பாய்லர், அலாரம், குப்பை எடுக்கும் நாள், மாற்றுச் சாவி வைத்திருக்கும் அண்டைவீட்டார் ஆகியவற்றை நேரில் கண்டு, கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரின் எண்ணும், பிராணிக்குச் சிகிச்சை பெற உங்களுக்கு அனுமதி அளிக்கும் உரிமையாளரின் கடிதமும் கட்டாயம் வேண்டும்.

தங்கும் நாட்களில் பிராணியின் வழக்கத்தை மாற்றாதீர்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு ஆபத்தானவை. லில்லி மலரின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பதால், யாரேனும் பூங்கொத்து தந்தால் வீட்டுக்குள் கொண்டுவருமுன் யோசியுங்கள். வாசற்கதவைத் திறக்கும்போது இருவரில் ஒருவர் பிராணியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம், அறிமுகமற்ற தெருவில் அது தப்பியோடுவதைத் தடுக்கும். குளிர்நாடுகளில் வெளியே செல்லும்போது வெப்பமூட்டியை முழுவதும் அணைத்துவிட்டால் குழாய்களில் நீர் உறைந்து வெடிக்கலாம். உரிமையாளருக்கு அவர் விரும்பும் இடைவெளியில் படமும் ஓரிரு வரிகளும் அனுப்புங்கள். ஏதேனும் உடைந்தாலோ பிராணி உண்ணாமலிருந்தாலோ அன்றே தெரிவித்துவிடுங்கள். வீட்டின் முகவரியையும் உரிமையாளர் ஊரில் இல்லை என்பதையும் சமூக ஊடகங்களில் வெளியிடவே கூடாது.

புறப்படும் நாளில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, குளிர்பெட்டியில் பாலும் ரொட்டியும் வைத்து, பிராணி கடைசியாக எப்போது உண்டது, மருந்து எப்போது தரப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். உரிமையாளரின் விமானம் தாமதமானால் பிராணி பசியோடு காத்திருக்க நேரிடும். ஆகவே உங்கள் அடுத்த பயணச் சீட்டை அதே நாளின் காலைக்கு எடுக்காமல் மாலைக்கோ மறுநாளுக்கோ எடுங்கள். சாவியை எங்கே வைத்தீர்கள் என்பதைச் செய்தியாக அனுப்பி, அவர் வீடு சேர்ந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகு, தளத்தில் உங்களைப் பற்றி ஒரு மதிப்புரை எழுதும்படி கேளுங்கள்; அடுத்த நாட்டு உரிமையாளர் முதலில் படிப்பது அதைத்தான்.