கூடாரத்துக்கு விறகு கொத்தும் கருவியைத் தெரிவுசெய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெலிஹுல் ஓயாவுக்கோ கித்துல்கலவுக்கோ கூடாரத்துடன் புறப்படும் கொழும்புக்காரர்கள் பலர், பயணத்துக்கு முந்திய மாலையில் பழைய சோனகத் தெருவிலுள்ள இரும்புக் கடைகளுக்குச் சென்று, கையில் எடுத்தவுடன் பிடித்துப்போன ஒரு கோடரியை வாங்கிவிடுகிறார்கள். எந்த விறகைக் கொத்தப்போகிறோம் என்பதை அவர்கள் அப்போது யோசிப்பதில்லை. ஏனைய தவறுகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒதுக்குக் காடுகளிலும் தேசிய பூங்காக்களிலும் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால், நிற்கும் மரத்தை வீழ்த்தும் கோடரி நமக்குத் தேவையே இல்லை. நாம் எரிக்கப்போவது பெரும்பாலும் முகாமிடும் இடத்தின் உரிமையாளர் தரும் விறகு அல்லது வழியில் விலைக்கு வாங்கும் விறகு. மேல் மாகாணத்திலும் சப்ரகமுவவிலும் அது பெரும்பாலும் இறப்பர் மரமாகவே இருக்கும். நாரோட்டம் நேராகவும் கணு குறைவாகவும் உள்ள இறப்பர்க் குற்றி, நடுத்தரக் கோடரியின் இரண்டு மூன்று அடிகளில் பிளந்துவிடும். சீமைக்கிளுவைத் தடிகள் மணிக்கட்டு அளவிலேயே கிடைக்கும் என்பதால் அவற்றைப் பிளக்க வேண்டிய அவசியம் குறைவு. நீளத்தைக் குறைத்தால் போதுமானது. வறண்ட வலயத்துப் பாலை மரம் மிகவும் கடினமானது. அதன் பெருங்குற்றியைக் கைக்கோடரியால் பிளக்க முயல்வது நேரத்தையும் கருவியையும் வீணாக்கும். தென்னந்தண்டின் கதை வேறு. அதில் ஆண்டு வளையங்கள் கிடையாது. வெளிப்புறம் இறுகியும் உட்புறம் மென்மையாகவும் உள்ள நார்க்கட்டுகளே இருப்பதால், ஆப்பு இறங்கினாலும் பிளவு நேராக ஓடாமல் அலகு நாரில் சிக்கிக்கொள்ளும். தென்னையிலிருந்து எரிக்க வேண்டுமானால் சிரட்டையும் பொச்சுமட்டையும் எவ்வளவோ மேல்.

விறகை ஏன் பிளக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். நன்கு காய்ந்த, மணிக்கட்டு அளவான தடி பிளக்கப்படாமலே எரியும். மழையில் நனைந்த குற்றியோ மேற்புறம் ஈரமாக இருந்தாலும் உள்ளே உலர்ந்திருக்கக்கூடும். அந்த உலர்ந்த உட்பகுதியை வெளியே கொண்டுவருவதற்கும், தீ பற்றும் பரப்பைக் கூட்டுவதற்குமே பிளக்கிறோம். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஈர வலய மலைகளுக்குப் போகிறவருக்கு இது அன்றாடத் தேவை.

அடுத்த தவறு, சுமப்பதற்கு இலகு என்ற ஒரே காரணத்துக்காக மிகச் சிறிய கைக்கோடரியைத் தெரிவுசெய்வது. அடியின் வலிமை கோடரித் தலையின் எடையைப் பொறுத்து நேர் விகிதத்தில் கூடுகிறது. ஆனால் வேகம் இரு மடங்கானால் வலிமை நான்கு மடங்காகிறது. நீண்ட பிடி தலைக்கு அந்த வேகத்தைக் கொடுக்கிறது. 35 சென்ரிமீற்றர் பிடியும் 600 கிராம் தலையும் உள்ள கைக்கோடரி சுள்ளி பிளக்க உதவும்; தொடைப் பருமனான குற்றியின் முன்னால் அது திணறும். 50 முதல் 60 சென்ரிமீற்றர் வரை நீளமான பிடியும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தலையும் உள்ள கோடரி முதுகுப்பையின் பக்கத்தில் கட்டக்கூடிய அளவில் இருந்துகொண்டே இரு கைகளுக்கும் வேலை தருகிறது. என் கருத்தில் கூடாரப் பயணத்துக்கு ஒரே ஒரு கோடரி வாங்குவதானால் அது இந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

சிறிய கோடரி பாதுகாப்பானது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீண்ட பிடியுள்ள கோடரி குற்றியைத் தவறவிட்டால் அதன் வீச்சு பெரும்பாலும் நமக்கு முன்னே நிலத்தில் முடியும். குட்டைப் பிடியின் வீச்சு வட்டம் சிறியது. தவறும் அடி வளைந்து முழங்காலையோ கணைக்காலையோ நோக்கி வரும். பெலிஹுல் ஓயாவில் நண்பர் ஒருவர் நின்றபடி கைக்கோடரியால் கொத்தியபோது, அலகு கணுவில் பட்டு விலகி அவருடைய சப்பாத்தின் முன்பகுதியைக் கீறியது. தடித்த தோல் இல்லாதிருந்தால் பெருவிரல் போயிருக்கும். அன்றிலிருந்து குட்டைக் கோடரியை எடுப்பவர் முழங்காலிட்டே வேலை செய்ய வேண்டும் என்பதை எங்கள் குழுவில் ஒரு கண்டிப்பான வழக்கமாக்கிவிட்டோம். முழங்காலிட்டால் தவறிய அடி உடலை எட்டுமுன் நிலத்தில் பட்டுவிடும். இன்னொரு வழி, அலகை விறகின் தலைப்பில் பதித்து, இரண்டையும் சேர்த்தே உயர்த்தி, கீழே வைத்த குற்றியில் தட்டுவது. சுள்ளி பிளக்க இதைவிட நல்ல முறையை நான் அறியேன்.

அலகின் வடிவத்தைப் பார்க்காமல் கூர்மையை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பதும் பொதுவான பிழை. குறுக்கே வெட்டும் கோடரியின் கன்னங்கள், அதாவது தலையின் இரு பக்கங்கள், மெல்லியவை. அவை நாரை அறுத்து ஆழமாக இறங்கும், ஆனால் மரத்தை விரிக்காமல் அங்கேயே இறுகி நின்றுவிடும். பிளக்கும் கோடரியை மேலிருந்து பார்த்தால், விளிம்பிலிருந்து பின்னோக்கி ஆப்புப் போல விரிந்து செல்வது தெரியும். கடையில் கோடரியை நிமிர்த்திப் பிடித்து இந்த விரிவைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதற்காக மூன்று கிலோகிராம் எடையுள்ள பிளவுச் சம்மட்டியை வாங்கிவிடவும் கூடாது. வீட்டு முற்றத்தில் அதற்கு இடமுண்டு, தோளில் சுமந்து நடக்கும் பாதையில் இல்லை.

வீட்டில் இருக்கிறதே என்று மன்னாக் கத்தியைக் கொண்டுபோவோரும் உண்டு. பற்றைகளையும் பச்சைக் கிளைகளையும் வீசி வெட்டுவதற்கு அதற்கு இணையில்லை. ஆனால் அதன் மெல்லிய தகடு காய்ந்த குற்றியில் விரிவை உண்டாக்காது; சிக்கிய கத்தியை அசைத்து இழுக்கும்போது பிடி கழன்றுவிடும். கத்தியாலேயே விறகு பிளக்க விரும்புவோர், அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடுகிறதா என்றும், முதுகு 4 மில்லிமீற்றர் அளவாவது தடித்ததா என்றும் பார்த்து வாங்க வேண்டும். அந்த முதுகின் மேல் மரத்துண்டால் மட்டுமே தட்ட வேண்டும்; சுத்தியலாலும் கல்லாலும் தட்டக் கூடாது. அலகின் நீளம் விறகின் பருமனைவிடச் சில சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தால்தான் தட்டுவதற்கு முனை வெளியே நீட்டி நிற்கும்.

கோடரியை ஆப்பு போல வைத்து அதன் முதுகில் இன்னொரு இரும்பால் அடிப்பதையும் அடியோடு விட்டுவிட வேண்டும். அதனால் பிடி நுழையும் துளை நெளிகிறது; அதைவிட மோசமாக, இரும்பும் இரும்பும் மோதும்போது தெறிக்கும் சிறு துண்டு கண்ணைப் பறிக்கலாம்.

பிடியைப் பற்றிப் பேசாமல் இந்த விடயம் முடியாது, ஏனெனில் நல்ல இரும்பு கெட்ட பிடியால் ஆயுதமாக மாறிவிடும். குளிர்நாட்டு மரத்தாலான பிடியில் ஆண்டு வளையங்கள் அலகின் திசையிலேயே ஓட வேண்டும் என்பது அறியப்பட்ட விதி. வெப்பவலய மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது. ஆகவே நாரோட்டம் பிடியின் நீளத்தோடு ஓடுகிறதா, பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். வெளியேறினால் அந்த இடத்தில்தான் அது முறியும். வர்ணமோ தடித்த வார்னிஷோ பூசிய பிடி இந்தக் குறையை மறைத்துவிடும் என்பதால், பூச்சில்லாத பிடியையே நான் விரும்புகிறேன். தலை ஆடினால் வாளித் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. ஈரத்தில் மரம் ஊதி இறுகுவது உண்மைதான். ஆனால் இரும்புத் துளைக்குள் நசுங்கிய நார்கள் உலர்ந்ததும் முன்பைவிடச் சுருங்குவதால், தலை மறுநாள் இன்னும் தளர்வாக ஆடும். துளைக்குள் பிடியின் நுனியில் புதிய ஆப்பு அடிப்பதே சரியான பரிகாரம்.

கோடரிக்குப் பணம் செலவழித்து, மரம் அரியும் மடக்கு வாளை மறந்துவிடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. நீளமான கிளையைக் கோடரியால் குறுக்கே வெட்டுவது மெதுவானதும் ஆபத்தானதுமான வேலை. 20 முதல் 25 சென்ரிமீற்றர் அலகுள்ள வாள் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். வாளால் துண்டாக்கி, பிறகு கோடரியால் பிளப்பதே ஒழுங்கான முறை. கூடவே ஒரு சிறு அரமும் சாணைக்கல்லும் வேண்டும், ஏனெனில் மழுங்கிய கோடரி மரத்தில் இறங்காமல் வழுக்கும், வழுக்கும் கோடரி எங்கே போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

பேருந்திலோ புகையிரதத்திலோ செல்பவர்கள் அலகை உறையிட்டுத் துணியால் சுற்றிப் பையின் அடியில் வைக்க வேண்டும். வீடு திரும்பியதும் அதே தோலுறையில் கோடரியை விட்டுவிடக் கூடாது. கொழும்பின் கடற்காற்றில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், வெள்ளவத்தையில் மாடி வீட்டில் ஒரு மாதம் உறைக்குள் கிடந்த அலகில் செந்துரு பிடித்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அலகைத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி, உறையைத் தனியே காற்றுப்பட வைப்பது நல்லது. பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் காய்வதில்லை என்பதால் பிடியில் பிசுபிசுப்பாகவே நிற்கும்.